வளரும் வயதில் கர்ப்பம்: தராசு காட்டாத கணக்கு

வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

பதினெட்டு வயதுக்கு முன்பே கருவுற்ற பெண்களின் உணவு, எடை, உயரம் பற்றி வந்த கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரும் உணவியல் நிபுணரும் இந்த இதழில் பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. இந்த வயதில் கர்ப்பம் தவிர்க்கப்பட வேண்டியது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கருவுற்றுவிட்ட பெண்ணைத் திட்டிக்கொண்டே இருந்தால் அவள் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறப்போவதில்லை. இப்போது அவளுக்கு வேண்டியது சத்தான சாப்பாடும் தவறாத பரிசோதனையும்தான்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பதின்மூன்று வயதில் பூப்பெய்தினாள். இப்போது ஐந்தாம் மாதம். மூன்று மாதம் முன்பு அளந்ததைவிட உயரம் அரை சென்டிமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. கர்ப்பமானதும் வளர்ச்சி நின்றுவிடுமா?

பதில்: உங்கள் மகளின் எலும்பு சுருங்கவில்லை, அம்மா. வயிறு கனக்கக் கனக்க இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கி வளைகிறது. கூடிய எடையால் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளும் அழுந்துகின்றன. அதனால் நின்று அளக்கும் உயரம் சில மில்லிமீட்டர் குறைகிறது. மாலையில் அளந்திருந்தால் இன்னும் குறைவாகவே காட்டும்.

இந்தச் சிறு குறைவு பல ஆண்டுகள் மருத்துவ உலகையே ஏமாற்றியிருக்கிறது. கர்ப்பிணிச் சிறுமிகளை நிற்கவைத்து அளந்தவர்கள், அவர்களின் வளர்ச்சி முடிந்துவிட்டது என்றே எழுதி வைத்தார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள கேம்டன் நகரில் தெரசா ஷோல், மேரி ஹெடிகர் ஆகியோரின் குழு வேறு இடத்தை அளந்தது. உட்காரவைத்து, முழங்காலை மடக்கி, குதிகாலிலிருந்து முழங்கால் வரையிலான நீளத்தை நுட்பமான கருவியால் எடுத்தார்கள். முதுகு அழுந்தினாலும் இந்த அளவு மாறாது. அப்படிப் பார்த்தபோது, வயிற்றில் குழந்தையோடு இருந்த பதின்ம வயதுப் பெண்களில் கணிசமானோர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. மாற்றம் மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்பதால் வீட்டு நாடாவால் அளக்க முயல வேண்டாம்.

ஒரு பெண் இன்னும் வளர்கிறாளா என்று மதிப்பிட, அவளுடைய வயதைவிடப் பூப்பெய்தி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுதான் உதவும். பெண்களின் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பூப்புக்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது. அதன் பிறகு சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர் மட்டுமே பாக்கி இருக்கும். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். உங்கள் மகள் அந்த இரண்டு ஆண்டு எல்லையை ஒட்டி இருக்கிறாள். ஆகவே அவளை வளரும் பெண்ணாகவே எண்ணிச் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள். பதினேழு வயதில் கருவுற்றவள் பதினாறில்தான் பூப்பெய்தினாள் என்றால், அவளுக்கு உங்கள் மகளைவிடவும் அதிக வளர்ச்சி பாக்கி இருக்கலாம். முதல் பரிசோதனையிலேயே பூப்பெய்திய வயதைச் சொல்லி, பரிசோதனை அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

வளர்ச்சி நிற்குமா என்ற கேள்விக்கு விடை தட்டில் இருக்கிறது. கேம்டன் பெண்களுக்குச் சாப்பாடு கிடைத்தது, அவர்கள் வளர்ந்தார்கள். ஊரகப் பங்களாதேஷில், சத்துக்குறைவோடு கருவுற்ற சிறுமிகளின் உயர வளர்ச்சி கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் நின்றே போனது, உடம்பின் கொழுப்பும் தசையும் கரைந்தன என்று 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே வயதில் கருவுறாத பெண்கள் அங்கே மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

கேள்வி: என் தங்கைக்கு 16 வயது, ஏழாம் மாதம். நன்றாகச் சாப்பிடுகிறாள், எடையும் ஒழுங்காகக் கூடுகிறது. ஆனால் ஸ்கேனில் குழந்தை சிறியதாக இருக்கிறது என்கிறார்கள். சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது?

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறோம். பலரும் தராசு முள் ஏறினால் போதும் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

வளர்ந்து முடிந்த பெண்ணின் உடம்பு கர்ப்பத்தின் முதல் பாதியில் கொழுப்பைச் சேமிக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் அந்தச் சேமிப்பை எடுத்துத் தன் செலவுக்கு வைத்துக்கொண்டு, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிறது. குழந்தை எடை போடுவதும் அந்த மாதங்களில்தான். தானே வளர்ந்துகொண்டிருக்கும் பெண்ணின் உடம்பில் இந்த விட்டுக்கொடுத்தல் சரியாக நடப்பதில்லை. கடைசி மாதங்களிலும் தனக்கே கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அவர்களிடம் லெப்டின் என்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. 1994இல் வெளியான கேம்டன் முடிவுகளில், வளர்ந்துகொண்டிருந்த பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் பெற்ற குழந்தைகள் சுமார் 155 கிராம் குறைவாக இருந்தன. தாய் உண்டதில் ஒரு பங்கைத் தாயின் வளர்ச்சியே எடுத்துக்கொண்டது.

அப்படியானால் இரண்டு மடங்கு ஊட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிலையத்தில், கருவுற்ற இளம் செம்மறியாடுகளுக்கு அளவுக்கு மீறித் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஆடுகள் கொழுத்து வளர்ந்தன; நஞ்சுக்கொடி சிறுத்தது; குட்டிகள் எடை குறைந்து பிறந்தன. ஆட்டின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறுதான். ஆனாலும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் திணிப்பதால் குழந்தை பெருக்கும் என்று நம்ப இடமில்லை. வேண்டியது அளவான கூடுதல் சாப்பாடு. அதில் புரதம், இரும்பு, கால்சியம், துத்தநாகம் நிறைந்திருக்க வேண்டும்.

உங்கள் தங்கைக்கு முதலில் சரிபார்க்க வேண்டியது நாள் கணக்கு. இந்த வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வராது. கடைசி விலக்கு நாளை வைத்துப் போட்ட கணக்கு மூன்று நான்கு வாரம்கூடப் பிசகலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதில் உள்ள தேதியைத்தான் நம்ப வேண்டும். தேதி சரியாக இருந்து, குழந்தையும் சிறியதுதான் என்றால், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்த் தொற்று, வீட்டில் புகைப்பவர்கள் இருக்கிறார்களா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வார இடைவெளியில் மறுபடி ஸ்கேன் எடுத்து, குழந்தை தன் போக்கில் வளர்கிறதா, வளர்ச்சி தேங்கிவிட்டதா என்று ஒப்பிடுவார்கள். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தையும் டாப்ளர் என்ற ஸ்கேனில் பார்ப்பார்கள். சிறிய குழந்தையாக இருந்தாலும் தன் கோட்டிலேயே சீராக வளர்ந்தால் அச்சம் குறைவு. குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றினால் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பதின்ம வயதுக் கர்ப்பிணி எத்தனை கிலோ கூட வேண்டும்? ஆளுக்கு ஆள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

பதில்: கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையைப் பொறுத்தது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட அளவுகளே பல இடங்களில் பின்பற்றப்படுகின்றன. பி.எம்.ஐ. 18.5க்குக் கீழ் இருந்தால் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ, 18.5 முதல் 24.9 வரை 11.5 முதல் 16 கிலோ, 25 முதல் 29.9 வரை 7 முதல் 11.5 கிலோ, 30க்கு மேல் 5 முதல் 9 கிலோ. பதின்ம வயதினருக்கும் இதே பிரிவுகளைத்தான் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் அளவுகோலில் பார்க்கும்போது இளம்பெண்களில் பலர் மெலிந்தவர் பிரிவில் விழுவார்கள். அதனால் சற்றுக் கூடுதலாக எடை போடச் சொல்லப்படுவார்கள். அது அவர்களுக்கு நல்லதே.

எடுத்துக்காட்டாக 152 சென்டிமீட்டர் உயரம், 41 கிலோ எடை என்றால் பி.எம்.ஐ. 17.7. முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ முதல் 2 கிலோ வரை கூடினால் போதும். அதன் பிறகு வாரத்துக்குச் சுமார் அரை கிலோ. பிரசவத்தின்போது 54 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

மொத்தக் கணக்கைவிட எப்போது கூடுகிறது என்பது பெரிது. 24 வாரம் முடியும்போது 4.3 கிலோகூடக் கூடாத பதின்ம வயதினருக்குச் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்று கேம்டன் குழுவே காட்டியிருக்கிறது; பிற்பாடு எடை ஏறி ஈடுகட்டினாலும் அந்த ஆபத்து முழுதாக விலகவில்லை. எட்டாம் மாதத்தில் ஓடிவந்து சத்து மாவு கேட்பவர்களுக்கு இதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே அட்டையைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பின், லேசான உடையில் எடை பாருங்கள். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது சாப்பாட்டு எடை அல்ல, நீர். உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இருபதுகளின் முதல் பாதியில் இருப்பவர்களைவிடப் பதின்ம வயதினருக்கு கர்ப்பகால வலிப்பு வரும் ஆபத்து கூடுதல்.

கேள்வி: எனக்கு 16 வயது, பத்து வாரம். காலையில் எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. வயிறு வெளியே தெரியக்கூடாது என்று இரவிலும் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். இது குழந்தைக்குக் கெடுதலா?

பதில்: முதலில் இரவுச் சாப்பாட்டைக் குறைப்பதை இன்றோடு நிறுத்திவிடு, அம்மா. வயிறு தெரிவது கருப்பை வளர்வதால். நீ பட்டினி கிடந்தாலும் அது வளரும். உன் கையும் முகமும்தான் மெலியும். இரவு சாப்பிட்டதற்கும் காலை சாப்பிடுவதற்கும் இடையே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், கர்ப்பிணியின் ரத்தச் சர்க்கரை மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்து, கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் சேரும். காலைக் குமட்டலையும் அது கூட்டும்.

படுக்கையை விட்டு எழும் முன்பே உலர்ந்த ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ இரண்டு கடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திரு. மூன்று வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இடையிடையே குடி. சமையல் வாடை பிடிக்கவில்லை என்றால் ஆறிய சாப்பாடு எளிதாக இறங்கும். இஞ்சி சிலருக்குக் கேட்கும். வைட்டமின் பி6 மாத்திரையும் உதவும். அளவை மருத்துவர் சொல்லட்டும். குடித்த தண்ணீரும் நிற்காமல் வாந்தியாகி, சிறுநீர் அடர்மஞ்சளாகி, எடை இறங்கினால் வீட்டில் வைத்தியம் பார்க்காதே. நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி தேவையில்லை; உன் வயதுப் பெண் சாப்பிட வேண்டியதை நீ சாப்பிட்டாலே போதும். நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு 340 கலோரி கூட்ட வேண்டும். ஏழாம் மாதத்திலிருந்து 450. ‘இருவருக்காகச் சாப்பிடு’ என்று சொல்பவர்கள் நினைப்பதைவிட இது மிகக் குறைவு. ஒரு குவளைப் பால், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் ஏறக்குறைய 340 வந்துவிடும்.

புரதம்தான் பலருக்கும் எட்டாமல் போகிறது. நாளுக்கு 71 கிராம் வேண்டும். 600 மில்லி பால் அல்லது தயிரில் 20 கிராம், இரண்டு முட்டையில் 12, வெந்த பருப்பு அல்லது பயறு ஒரு கோப்பையில் 16, நாள் முழுக்கச் சாப்பிடும் தானியத்தில் சுமார் 20, ஒரு கைப்பிடி கடலை வகையில் 6 அல்லது 7. இதுவே கணக்கைத் தாண்டிவிடுகிறது. மீன், இறைச்சி சாப்பிடுவாய் என்றால் நூறு கிராமில் 20 கிராம் புரதம் உண்டு; அதற்கேற்பப் பருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். புரதத் தூள் வாங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதம் கொண்ட கலவைகளைக் கொடுக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பார்த்த ஆய்வுகளில் குழந்தைகள் சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு கூடியிருந்தது.

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மாத்திரையை இன்றே தொடங்கு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுவதால், அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்தான். ஆனாலும் ரத்தம் ஊறுவதற்கு அது இன்னும் தேவை. உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். வீட்டில் யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால், நீ நம்பும் பெரியவர் ஒருவரிடமோ அருகில் உள்ள சுகாதார நிலையத்தின் செவிலியரிடமோ சொல். சொல்லத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் உன் உடம்புதான் விலை கொடுக்கிறது.

கேள்வி: நான் செவிலியர். 17 வயதுக் கர்ப்பிணி ஒருவருக்கு 26 வாரத்தில் ஹீமோகுளோபின் 9.4. இரண்டு மாதமாக இரும்பு மாத்திரை தருகிறோம், ஏறவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. ஏறக்குறைய 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், 450 தாயின் கூடுதல் ரத்தத்துக்கு, மீதி அன்றாட இழப்புக்கு. வளர்ந்த பெண் சிறிதாவது சேமிப்போடு கர்ப்பத்துக்குள் வருகிறாள். பதின்ம வயதுப் பெண்ணிடம் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய இருப்பதில்லை. உடம்பு வளர்ந்தபோது கூடிய ரத்தத்துக்கும் தசைக்கும், மாதவிலக்குக்கும் எல்லாம் போயிருக்கும். அதனால்தான் இவர்களுக்கு ரத்தசோகை சீக்கிரம் வருகிறது, மெதுவாகத் தேறுகிறது.

முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே உள்ள அளவைப் பாருங்கள். 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட்டில் இரும்பு 60 மில்லிகிராம்தான். ஃபெரஸ் ஃபியூமரேட் 180இலும் 60, ஃபெரஸ் குளுக்கோனேட் 500இலும் 60. தடுப்புக்கு நாளுக்கு 30 முதல் 60 போதும். ரத்தசோகை வந்த பிறகு 120 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பலர் மாதக்கணக்கில் தடுப்பு அளவையே சிகிச்சையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, உண்மையில் விழுங்குகிறாரா என்று திட்டாமல் கேளுங்கள். ‘எத்தனை நாள் விட்டுப்போச்சு?’ என்று கேட்டால் பதில் வரும், ‘ஒழுங்காப் போடுறியா?’ என்று கேட்டால் தலையாட்டல்தான் வரும். மலம் கருத்திருக்கிறதா என்பதும் ஒரு சாட்சி. குமட்டலால் விடுகிறார் என்றால் இரவு படுக்கும் முன் போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் தாங்காவிட்டால் சிறிது பழத்தோடு. உறிஞ்சல் சற்றுக் குறைந்தாலும் போடாததைவிட மேல். மலச்சிக்கலுக்கு நீர், நார்ச்சத்து, தேவையானால் மருந்து என்று முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மாத்திரை பாதியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

பிறகு நேரம். பால், கால்சியம் மாத்திரை, அமிலம் குறைக்கும் மருந்து, தேநீர், காபி இவற்றில் எதனோடு போட்டாலும் இரும்பு சரியாக உள்ளே போகாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ள பழத்தோடு போட்டால் நன்றாக ஏறும்.

இவ்வளவும் சரி என்றால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இரும்பைத் தாண்டி யோசிக்க வேண்டும். கொக்கிப்புழு உள்ள பகுதியாக இருந்தால், முதல் மூன்று மாதம் தாண்டிய பின் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து 400 மில்லிகிராம் ஒரு வேளை. பால், முட்டையும் அரிதாகவே சாப்பிடும் சைவப் பெண்ணாக இருந்தால் வைட்டமின் பி12. சிவப்பணுக்கள் மிகச் சிறியதாக இருந்தும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு இருக்கலாம். கணவருக்கும் அந்தச் சோதனை தேவைப்படும். ஃபெரிட்டின் 15க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு உறுதி. ஆனால் காய்ச்சலும் தொற்றும் அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும் என்பதை மறக்க வேண்டாம்.

மாத்திரை ஒத்துவரவே இல்லை என்றால் நரம்பு வழி இரும்பு உண்டு. முதல் மூன்று மாதத்தில் அதைத் தருவதில்லை. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இன்னொன்று: பனிக்கட்டி, மண், சுண்ணக்கட்டி தின்னும் ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கத்தால் தானாகச் சொல்லமாட்டார்கள். இரும்புக் குறைவின் அடையாளம் அது. மண் தின்றால் புழுவும் ஈயமும் சேர்ந்து வரும்.

பிரசவ அறையில் உங்கள் கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. குழந்தை நலமாகப் பிறந்திருந்தால் தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்துக் கவ்வுங்கள். அந்த ரத்தம் குழந்தையின் முதல் ஆறு மாத இரும்புக்குப் பெரிய துணை.

கேள்வி: கால்சியம் மாத்திரை அவசியமா, பால் குடித்தால் போதாதா?

பதில்: 18 வயது வரை கர்ப்பிணிக்கு நாளுக்கு 1300 மில்லிகிராம், 19 வயது ஆனவருக்கு 1000. அந்த 300 வித்தியாசம் பெண்ணின் சொந்த எலும்புக்கானது. வாழ்நாள் எலும்பு வலுவின் பெரும்பங்கு, ஏறக்குறைய 90 விழுக்காடு, 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிறக்கும் குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் போய்ச் சேர்வது. தாயின் குடல் அந்தக் காலத்தில் இரு மடங்கு உறிஞ்சி ஓரளவு சமாளிக்கும். உள்ளே போவதே குறைவாக இருந்தால் தாய், குழந்தை இருவரின் எலும்புமே பாதிக்கப்படும். அமெரிக்காவில் கருவுற்ற பதின்ம வயதினரிடம் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பாலும் பால் பொருளும் நாளுக்கு இரண்டு வேளைக்கும் குறைவாக எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு வயிற்றிலேயே தொடை எலும்பு குட்டையாக இருந்தது.

250 மில்லி பால் அல்லது தயிரில் சுமார் 300 மில்லிகிராம் உண்டு. நாளுக்கு நான்கு குவளை எடுப்பவருக்கு மற்ற உணவில் கிடைப்பதும் சேர்ந்து மாத்திரை தேவைப்படாமல் போகலாம். ஒரு குவளைதான் இறங்கும் என்றால் மாத்திரை வேண்டும். பசலைக் கீரையை நம்ப வேண்டாம். அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முள்ளோடு தின்னும் சிறு மீன் நல்லது. கால்சியம் குறைவாகக் கிடைக்கும் மக்களிடையே கர்ப்பகால ரத்த அழுத்தத்தைத் தடுக்க 1500 முதல் 2000 மில்லிகிராம் வரை மாத்திரையாகவே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் வீணாகும்; பிரித்து, சாப்பாட்டோடு போடுங்கள், இரும்பு மாத்திரையிலிருந்து தள்ளி. வைட்டமின் டி 600 அலகும் வேண்டும். அது இல்லாமல் கால்சியம் சரியாக உறிஞ்சப்படாது.

கேள்வி: முகப்பரு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது கரு தங்கிவிட்டது. தொடரலாமா?

பதில்: ஐசோட்ரெட்டினாயின் என்றால் ஒரு வேளைகூடப் போடாமல் நிறுத்திவிட்டு, நாளையே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் மூளை, இதயம், முகம், காது ஆகியவற்றில் கடுமையான குறைபாடு உண்டாக்கும் மருந்து அது. மாத்திரை அட்டையையும், கடைசியாகப் போட்ட தேதியையும் கொண்டுபோங்கள். வைட்டமின் ஏ அதிகம் உள்ள சத்து மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய், அடிக்கடி ஈரல் சாப்பிடுவது ஆகியவற்றையும் தவிருங்கள். கேரட், கீரை, மாம்பழத்தில் கிடைப்பதால் இந்த ஆபத்து இல்லை.

கேள்வி: குழந்தை பெரிதானால் சின்னப் பெண்ணுக்குப் பிரசவம் கஷ்டம், அதனால் கடைசி மாதங்களில் குறைவாகக் கொடுங்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சரியா?

பதில்: தவறு. பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இடுப்பெலும்பு உயரத்தைவிடப் பின்தங்கியே வளர்கிறது. உயரம் நின்ற பிறகும் பிரசவப் பாதை சில ஆண்டுகள் விரிந்துகொண்டிருக்கும். பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்ணுக்குத் தலை இறங்காமல் தடைபடும் ஆபத்து உண்மையிலேயே அதிகம். ஆனால் பட்டினி அதற்குத் தீர்வாகாது. கடைசி மாதங்களில் சத்துக் குறைந்தால் குழந்தையின் உடம்பு மூளைக்குப் போகும் ரத்தத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. வயிறும் கொழுப்பும் தசையும்தான் கரைகின்றன. பாதையில் சிக்கக்கூடிய தலை அவ்வளவாகச் சுருங்காது. கிடைப்பது மெலிந்த குழந்தையும், ரத்தமில்லாமல் பிரசவ வலிக்குள் போகும் தாயும்.

செய்ய வேண்டியது, அறுவைச் சிகிச்சை வசதியும் ரத்தமும் உள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவு செய்வது. வலி தொடங்கியதும் தாமதிக்காமல் போவது. தடைபட்ட பிரசவம் நீண்டுகொண்டே போனால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. தாய்க்குச் சிறுநீர்ப்பை நெடுநேரம் அழுந்தி, நிற்காமல் சிறுநீர் கசியும் ஓட்டையும் உண்டாகலாம்.

கேள்வி: என் பேத்திக்கு 17 வயதில் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. அவளே மெலிந்து இருக்கிறாள். தாய்ப்பால் கொடுத்தால் அவள் வளர்ச்சி கெடாதா?

பதில்: பாட்டி, கொடுக்கட்டும். பாலில் நாளுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் கால்சியம் போகும். அந்த மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து சிறிது எடுக்கப்படுவதும் உண்மை. ஆனால் பால் மறந்த பிறகு அது திரும்பச் சேர்ந்துவிடுகிறது, சாப்பாடு சரியாக இருந்தால். கர்ப்பத்தில் சொன்ன 1300 மில்லிகிராம் கால்சியமும் 71 கிராம் புரதமும் இப்போதும் வேண்டும். கலோரியை நாளுக்கு ஏறக்குறைய 500 கூட்டுங்கள். இரும்பு மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடாமல் மூன்று மாதமாவது தொடருங்கள். ரத்தசோகை இருந்திருந்தால் ஹீமோகுளோபின் சரியான பிறகும் தொடர வேண்டும். எடை குறைக்கும் பேச்சை ஆறு மாதத்துக்கு யாரும் எடுக்க வேண்டாம். மெலிந்துகொண்டே போனால் மேற்கையின் நடுச்சுற்றளவை அளந்து பாருங்கள். 23 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவளுடைய எலும்பும் இரும்புச் சேமிப்பும் நிரம்ப நேரம் வேண்டும். அடுத்த கருவுக்கு முன் குறைந்தது 24 மாதம் போகட்டும் என்பது எல்லா வயதினருக்கும் சொல்லப்படும் இடைவெளி. வளர்ந்து முடியாத பெண்ணுக்கு இன்னும் தள்ளிப்போவதே நல்லது. முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பது முதல் ஆறு மாதம், அதுவும் மாதவிலக்கு திரும்பாத வரை மட்டுமே ஓரளவு பாதுகாப்பு. ஆகவே ஆறாம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போதே தாய்ப்பாலைப் பாதிக்காத கருத்தடை முறை எது அவளுக்கு ஏற்றது என்று கேட்டு, அன்றைக்கே முடிவு செய்துகொண்டு வாருங்கள்.